நானூறு கிலோவுக்கான ஸ்பிரிங்

ஷார்-ஓவூ, 2003 மார்ச் 6

அன்புள்ள ஹாந்தா அக்காவுக்கு,

குளிர்காலத்தைச் சேதமில்லாமல் தாண்டினீர்களா? உடம்பு எப்படி இருக்கிறது? நகரத்துப் புகை தொண்டையைப் பிடிக்காமல் இருக்கிறதா? இங்கே எல்லாம் அமைதி. ஆடுகள் மெலிந்துவிட்டன, ஆனால் எழுந்து நிற்கின்றன. செர்மா உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

தபால் நிலைய ஃபோனில் பேசியிருப்பேன். அங்கே ஃபோன் போட்டுத் தரும் அம்மாள் நாம் பேசுவதை வரிசையில் நிற்பவர்களுக்குத் திருப்பிச் சொல்கிறாள். போன தடவை, "அவங்க அக்கா இன்னும் ஒண்டியாத்தான் இருக்காங்களாம்" என்று அறிவித்தாள். அதனால் லாரிக்காரர் கோம்போவிடம் கடிதமாகவே கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் வண்டி. உங்கள் நிலவியல் கழகம் கழித்துக்கட்டியபோது நீங்கள் வாங்கித் தந்த அதே லேண்ட் க்ரூசர். பன்னிரண்டு வருட வண்டி, குறை சொல்வதற்கில்லை. ஆனால் பின் ஸ்பிரிங் இரண்டும் உட்கார்ந்துவிட்டன. ஒவ்வொரு பள்ளத்திலும் அச்சு மேலே வந்து இடிக்கிறது. ஷாக் அப்சார்பர் நான்கும் எண்ணெய் கசிகின்றன.

இனிமேல் மாதம் ஒருமுறை மாகாணத் தலைநகருக்குப் போய்வர வேண்டும். செர்மாவுக்கு இடுப்பு வலி. மாதாமாதம் வந்து காட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். இருநூற்று அறுபது கிலோமீட்டர், பாதை உங்களுக்குத் தெரிந்ததுதான். உட்கார்ந்திருப்பவரைத் தூக்கிப் போடாத மாதிரி ஏதாவது நகரத்தில் கிடைக்குமா? அவசரம் என்றில்லை. ஏப்ரலுக்குள் கிடைத்தால் நல்லது.

உங்கள் உடம்பு நலமாக இருக்கட்டும்.
தம்பி,
பல்தான்


உலான்பாத்தர், மார்ச் 21

அன்புள்ள பல்தான்,

நீயும் செர்மாவும் நலம்தானே? நான் நலம். புகை வழக்கம்போல. அதற்குப் பழகிவிட்டேன் என்று சொல்வதைவிட, அதுவும் நானும் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை என்று சொல்லலாம்.

உதிரிபாகச் சந்தைக்குப் போனேன். ஒரு கன்டெய்னருக்குள் உட்கார்ந்திருந்த துல்கா என்பவன், "அம்மா, கல்லு ஏத்தறீங்களா, ஆளு ஏத்தறீங்களா?" என்று கேட்டான். இரண்டும்தான் என்றேன். "அப்படின்னு ஒரு ஸ்பிரிங் இன்னும் பொறக்கல. ஆளுக்குன்னா இந்த தடிக்கம்பி வேணாம், குடலு தொண்டைக்கு வந்துரும்" என்றான். பக்கத்தில் மலிவான வேறு ஒரு ஜோடியைக் காட்டினான். தேங்கிய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறான் என்று புரிந்தது. இருபது வருடம் இந்த நாட்டின் பாதைகளில் வண்டியில் போனவளிடம் ஸ்பிரிங் பற்றிப் பேசுகிறான்.

இருப்பதிலேயே பலமானதை வாங்கியிருக்கிறேன். ஆஸ்திரேலியச் சரக்கு, பின்பக்கம் நிரந்தரமாக நானூறு கிலோ தாங்கும். அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் நான்கு. அச்சு இடிக்கிறது என்றால் ஸ்பிரிங்குக்குத் தெம்பில்லை என்று பொருள். தெம்பு கொடுத்தால் இடிக்காது. உன் வண்டியை எனக்குத் தெரியும்.

இடுப்புக்கு எக்ஸ்-ரே எடுத்தார்களா? டாக்டர் என்ன பெயர் சொன்னார்? விவரமாக எழுது. இங்கே எனக்குத் தெரிந்த எலும்பு மருத்துவர் ஒருவர் இருக்கிறார்.

கவனமாக இருங்கள்.
ஹாந்தா


ஷார்-ஓவூ, ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

வசந்தக் காற்று உங்களை அலைக்கழிக்காமல் இருக்கிறதா? நாங்கள் நலம். மூன்று நாள் புழுதிப் புயல். வெள்ளாடுகளுக்கு ரோமம் சீவும் வேலை பாதி முடிந்தது.

ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. பழைய கிடங்கின் குழிமேல் வண்டியை நிறுத்தி நானும் கோம்போவும் மாட்டினோம். வண்டி இப்போது ஒட்டகம் எழுந்திருப்பதுபோலப் பின்னங்காலைத் தூக்கி நிற்கிறது. கோம்போ, "வண்டிய வாங்குனியா, இல்ல பொண்டாட்டி ஏறாம இருக்கறதுக்கு வழி பண்ணுனியா? ஏணி வேணும்டா இதுக்கு" என்றார். அச்சு ஒரு இடத்தில்கூட இடிக்கவில்லை. மிக நல்ல ஸ்பிரிங்.

மாகாணத் தலைநகருக்குப் போய்வந்தோம். போக ஒன்பது மணி நேரம். வர இரண்டு நாள். நடுவில் ஒரு தெரிந்த வீட்டில் தங்கினோம். செர்மா இப்போது நலம்.

இவ்வளவு நல்ல பொருளை அனுப்பியதற்கு நன்றி.
தம்பி,
பல்தான்


உலான்பாத்தர், ஜூன் 11

அன்புள்ள பல்தான்,

கோடை அங்கே பச்சையாக வந்திருக்கிறதா? உங்கள் இருவரின் உடல்நலம் எப்படி? மே மாதம் நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. நலமென்று எடுத்துக்கொண்டேன். ஆனால் எடுத்துக்கொள்வது எனக்கு அவ்வளவாக வராது.

நேற்று கோம்போ வந்திருந்தார். டீ கொடுத்தேன். "உங்க தம்பிக்கு மறை கழண்டு போச்சு அக்கா. வண்டியில கல்லு ஏத்திக்கிட்டுத் திரியறான்" என்றார்.

"எங்க கொண்டுபோறான்?"

"எங்கயும் இல்ல. போகும்போதும் அதே கல்லு, வரும்போதும் அதே கல்லு. ஏன்டா, கல்லுக்கு ஊரு சுத்திக் காட்டறியான்னு கேட்டேன். அக்கா குடுத்த ஸ்பிரிங் கல்லு கேக்குதுங்கறான்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் போன பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

பல்தான், அந்த வண்டியில் நான் பதினோரு கோடைகாலம் போயிருக்கிறேன். பின்னால் எப்போதும் பாறை மாதிரிகள் இருக்கும். முந்நூறு கிலோ, சில நாள் ஐந்நூறு. வண்டியைக் காலியாக நான் பார்த்ததே இல்லை. உனக்கு ஸ்பிரிங் வாங்கும்போது அந்தக் கல்லையும் சேர்த்தே நினைத்துக்கொண்டு வாங்கியிருக்கிறேன். காலி வண்டியில் நானூறு கிலோ ஸ்பிரிங் ஸ்பிரிங்கே அல்ல. மரக்கட்டை. சந்தையில் அந்தப் பையன் சரியாகத்தான் சொன்னான்.

கடினமாக இருக்கிறதா? நேராகச் சொல். மாற்றி அனுப்புகிறேன். செர்மாவின் இடுப்பைப் பற்றி நீ இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஹாந்தா


ஷார்-ஓவூ, ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

கோடை நலமாகக் கழிகிறதா? இங்கே அமைதி. மழை ஒருமுறை பெய்தது.

ஸ்பிரிங் மிக நன்றாக இருக்கிறது. கல் ஏற்றுவது காற்றுக்காக. வண்டி உயரமாக இருப்பதால் பக்கக் காற்று தள்ளுகிறது. கோம்போ எதையும் பெரிதாக்கிச் சொல்வார். இனி எதுவும் அனுப்ப வேண்டாம். உங்களுக்கு நிறையத் தொந்தரவு கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் இன்னும் ஒரே ஒரு பயணம் இருக்கிறது. அதோடு சரி.

தம்பி,
பல்தான்


ஷார்-ஓவூ, ஜூலை 3

ஹாந்தா அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். கோம்போ அண்ணன் சட்டைப்பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்.

எனக்கு இடுப்பில் ஒன்றும் இல்லை. ஏழாம் மாதம் நடக்கிறது. செப்டம்பர் நடுவில் என்கிறார் டாக்டர்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் வயிற்றில் இருந்தது தங்காமல் போனது உங்களுக்குத் தெரியும். அன்று உங்களுக்குத்தான் முதலில் சொன்னோம். பிறப்பதற்கு முன்பே நரித்தோல் குல்லாய் தைத்து எடுத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தீர்கள். இந்தத் தடவை லாமாவிடம் கேட்டபோது, பிள்ளையில்லாத, புருஷனில்லாத பெண் யாருக்காவது முன்பு தெரிந்திருந்ததா என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காதுக்கு இது போகக் கூடாது என்றார் லாமா. அதனால்தான் இடுப்பு வலி. உங்கள் தம்பிமேல் கோபப்படாதீர்கள். தபால் நிலையத்துக்குப் போய் ஃபோனைக் கையில் எடுத்து இரண்டு தடவை திரும்பி வந்தார்.

ஏப்ரலில் புது ஸ்பிரிங்கோடு போனோம். பாதையின் குறுக்கே வரிவரியாக விழுந்த பள்ளங்களில் என் பல்லெல்லாம் ஆடியது. திரும்பும் வழியில் ரத்தம் பட்டது. வழியில் ஒரு வீட்டில் ஒரு நாள் முழுக்கப் படுத்திருந்தேன். அப்போதும் அவர், "ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்" என்றுதான் அந்த வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் படுத்துக்கொண்டே, "ஆமாங்க, நல்ல ஸ்பிரிங்தான், நாந்தான் நல்ல பொம்பள இல்ல" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊருக்கு வந்ததும் லாமாவிடம் போனார். அந்தக் கையிலிருந்து இனி எதுவும் வாங்காதே என்றுவிட்டார் அவர்.

கல் ஏற்றினால் குலுக்கல் குறைகிறது. ஆனால் வறண்ட ஆற்று மணலில் வண்டி புதைகிறது. ஜூன் மாதம் மூன்று மணி நேரம் கல்லை இறக்கி, தோண்டி, மறுபடி ஏற்றினார். பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்பே என்னை மாகாண மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார் டாக்டர். அந்த ஒரு பயணம்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்களுக்கு வண்டி தெரியும். அதனால் எழுதினேன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

செர்மா


உலான்பாத்தர், ஜூலை 16

அன்புள்ள பல்தான்,

திருவிழா நாட்கள் நலமாகக் கழிந்தனவா? பால் நிறையக் கிடைக்கிறதா? நான் நலம்.

ஒரு சங்கடம். உன் வண்டியில் இருக்கும் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் எங்கள் கழகத்துக்கு உடனே வேண்டியிருக்கின்றன. ஆகஸ்டில் ஒரு குழு மேற்கே புறப்படுகிறது, அவர்கள் வண்டிக்குப் பலமானது கிடைக்கவில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம்தான். வேறு வழியில்லை. கழற்றிக் கோம்போவிடம் கொடுத்தனுப்பு. அவரிடம் ஏதோ பழைய செட் கிடப்பதாகப் பேச்சில் சொன்னார். அதைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொள். நான் எதுவும் அனுப்பவில்லை.

செர்மாவின் இடுப்புக்குச் சூடு நல்லது.

ஹாந்தா


அதே நாள்

செர்மா,

இதை நீ கிணற்றடியில் இருக்கும்போது தரச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கழகத்தின் கொல்லையில் இதே மாதிரி இன்னொரு வண்டியின் பழைய ஸ்பிரிங் நான்கு கிடந்தன. பலமானது மாட்டியபோது நாங்களே கழற்றி எறிந்தவை. தொழிற்சாலையிலிருந்து வந்த மெல்லிய கம்பி. கிடங்குக்காரர், "இந்தத் துருவை வச்சு என்னம்மா பண்ணப்போறீங்க, ஊறுகாயா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். கம்பித் தூரிகையால் தேய்த்து, விரிசல் இருக்கிறதா என்று நான்கையும் பார்த்துவிட்டேன். இல்லை. ஷாக் அப்சார்பர் மட்டும் புதிது, மென்மையானது. சந்தையில் அதே பையனிடம் வாங்கினேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எல்லாம் கோம்போ கொடுத்ததாக இருக்கட்டும். டயர் காற்றை மூன்றில் ஒரு பங்கு இறக்க வேண்டும். வரிப்பள்ளத்தில் இருபதுக்கு மேல் போகக் கூடாது. நீ பின் சக்கரத்துக்கு மேல் உட்காராமல், இரண்டு அச்சுக்கும் நடுவே, முன் இருக்கையில் சாய்ந்து உட்கார். அங்கேதான் ஆட்டம் குறைவு. இதையெல்லாம் கோம்போவுக்கு நான்கு தடவை சொல்லி, ஒப்பிக்க வைத்திருக்கிறேன்.

லாமா சொன்னதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. எனக்கு நம்பிக்கை இல்லை என்பது உனக்கே தெரியும். ஆனால் இதை மட்டும் தெரிந்துகொள். ஏப்ரலில் உனக்கு நேர்ந்ததற்குக் காரணம் என் கண்ணிலோ கையிலோ இல்லை. கம்பியின் தடிமனில் இருந்தது. தடிமனைத் தேர்ந்தெடுத்தது நான். அதை மறுக்கவில்லை.

எனக்குப் பதில் எழுதாதே.

ஹாந்தா


ஷார்-ஓவூ, ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? வேலை அதிகமா? நாங்கள் நலம்.

ஸ்பிரிங்கைக் கழற்றி அனுப்பிவிட்டேன், வந்திருக்கும். கோம்போ பழைய செட்டைக் கொடுத்தார். "குப்பையில கெடந்துச்சுடா, உன் தலையெழுத்து நல்லாருக்கு" என்றார். குப்பையில் கிடந்ததாகச் சொன்ன ஷாக் அப்சார்பர்களில் தொழிற்சாலை மசகு இன்னும் பிசுபிசுவென்று இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. கோம்போவுக்கு இவ்வளவு விஷயம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. டயர் காற்று, வேகம், எங்கே உட்கார வேண்டும், எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாட்டு ஒப்பிக்கிற மாதிரி சொன்னார். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

முதலில் நான் மட்டும் ஓட்டிப் பார்த்தேன். முன் இருக்கையில் ஒரு வாளி பால் வைத்து, வாரால் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை வரை போய்வந்தேன். முதல் நாள் பாதிப் பால் சிந்தியது. காற்றை இன்னும் கொஞ்சம் இறக்கினேன். மூன்றாம் நாள் ஒரு கிண்ணம்தான் சிந்தியது. வண்டி முழுக்கப் புளித்த வாடை. செர்மா, "என்னை ஏத்தறதுக்குள்ள வண்டி தயிராயிரும்" என்றாள்.

பதினான்கு மணி நேரம் ஆனது. பாதி வழியில் அவள் தூங்கினாள். நான் பேசவில்லை, பாடவில்லை. தூங்குகிறாளா என்று திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது, சாலையை விட்டால் பள்ளம்.

இடுப்பு வலிக்காக அவளைச் சில வாரம் அங்கேயே வைத்துக்கொள்கிறார்கள். நான் ஆடுகளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். வீடு பெரிதாக இருக்கிறது.

தம்பி,
பல்தான்


உலான்பாத்தர், செப்டம்பர் 18

அன்புள்ள பல்தான்,

இலையுதிர்காலம் நலமா? ஆடுகளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டதா?

ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. மேற்கே போகும் குழு தள்ளிப்போய்விட்டது, அதனால் இப்போதைக்கு என் வீட்டு வாசற்கதவுக்குப் பின்னால் நிற்கின்றன. கதவு முழுதாகத் திறப்பதில்லை. வருகிறவர்கள் யாரும் இல்லாததால் சிரமமில்லை.

எழுத வேறு ஒன்றும் இல்லை. செர்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் எழுது. கோம்போ புதன்கிழமைகளில் வருகிறார். நான் புதன்கிழமைகளில் வீட்டில்தான் இருக்கிறேன்.

ஹாந்தா


ஷார்-ஓவூ, அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

குளிர் தொடங்கிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

ஒரு செய்தி. நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள். செப்டம்பர் பதினான்காம் தேதி எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம். ஒரு மாதம் கழிந்த பிறகே எல்லோருக்கும் சொல்கிறோம். பெயர் ஹுன்பிஷ். மனுஷப் பிள்ளையே இல்லை என்று அர்த்தம். எந்தக் கெட்ட ஆவியின் காதாவது திறந்திருந்தால் அது அதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

முன்பே உங்களிடம் சொல்லவில்லை என்று வருத்தப்படாதீர்கள். காரணம் இருந்தது. லாமா சொன்னபடி நடந்துகொண்டோம், நல்லபடியாக முடிந்தது. ஹாந்தா அக்காவுக்கு இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று அவரிடம் நானே உறுதியாகச் சொன்னேன். அவரும், பார்த்தாயா என்றார்.

போன வாரம் சின்ன விருந்து வைத்தோம். கோம்போவை வடக்குப் பக்கத்தில், மரியாதை இடத்தில் உட்கார வைத்தேன். அவருடைய ஸ்பிரிங் இல்லையென்றால் எங்கள் குழந்தை இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார். குடித்த பிறகு அழுதார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்போது பாதை மோசம், குளிர் வேறு. குழந்தைக்கு மூன்று வயதில் முடி இறக்குவோம். அப்போது கட்டாயம் வாருங்கள். அதற்குப் பிறகு ஒரு பயமும் இல்லை என்கிறார் லாமா.

தம்பி,
பல்தான்


உலான்பாத்தர், நவம்பர் 2

அன்புள்ள பல்தான்,

உன் கடிதம் வந்தது. நீயும் செர்மாவும் குழந்தையும் நலமாக இருப்பதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

நான் ஆச்சரியப்பட்டேன். இப்படி ஒரு விஷயம் இருக்கும் என்று நினைத்தே பார்க்கவில்லை. இடுப்பு வலி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது என்று நீ லாமாவிடம் சொன்னது சரி. மறுபடி கேட்டாலும் அப்படியே சொல்.

கோம்போவுக்கு மரியாதை செய்தது நல்லது. அவர் செய்தது பெரிய உதவி.

மூன்று வயதில் முடி இறக்கும்போது வருகிறேன். அதுவரை வண்டியில் அந்த ஸ்பிரிங்கே இருக்கட்டும். நிறையக் கல் ஏற்றாதே.

பிறந்தபோது குழந்தை எத்தனை கிலோ இருந்தது என்று நீ எழுதவில்லை. எழுதவும் வேண்டாம். அடுத்த புதன்கிழமை கோம்போ வரும்போது அவரிடம் வாயால் சொல்லி அனுப்பினால் போதும்.

ஹாந்தா